குளிர்சாதனத்திற்கும் வாஸ்துவாம்!

நமது நாட்டில் ஒரு புதிய இயந்திரம் வந்து இறங்கினால், அதை எப்படி ஓட்டுவது, எப்படிப் பழுது பார்ப்பது என்பதைக் கற்றுக்கொள்ளுவதற்கு முன்னாலேயே, அதற்கு எங்கே பொட்டு வைப்பது, எந்தச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது என்பதைக் கற்றுக்கொண்டு விடுகிறோம். மோட்டார் வந்தது, எலுமிச்சம்பழமும் கூடவே வந்தது. அச்சு இயந்திரம் வந்தது, அதற்கு வருஷத்துக்கொரு நாள் சந்தனமும் குங்குமமும் அப்பி ஓய்வு கொடுத்தோம். கம்ப்யூட்டர் வந்தது, அதற்குள்ளே ஜாதகத்தைக் கொண்டுபோய்ப் புகுத்தினோம். இப்பொழுது ஏ.சி. என்று சொல்லப்படும் குளிர்சாதனம் நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைய ஆரம்பித்திருக்கிறது. உடனே அதற்கும் ஒரு மூலை, ஒரு தேவதை, ஒரு தோஷம், தோஷத்துக்கு ஒரு பரிகாரம் என்று ஏற்பாடு ஆகிவிட்டது.

இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லுகிறோம் என்று யாரும் கருத வேண்டாம். ஏ.சி. வாங்கப் போகிற ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் எத்தனையோ உண்டு. அறையின் நீள அகலம் என்ன, வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, மேலே மொட்டை மாடியா அல்லது இன்னொரு வீடா, கரண்டு எவ்வளவு இழுக்கும் என்பவையெல்லாம் அவர் கேட்க வேண்டியவை. ஆனால் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “வாஸ்துப்படி இதை எந்த மூலையில் மாட்ட வேண்டும்?” என்பதே. இதற்குப் பதில் சொல்ல வாஸ்து நிபுணர்கள் என்பதாகத் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரு கூட்டம் தயாராய் இருக்கின்றது.

சரி, பதிலாவது ஒன்றாய் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒருவர், ஏ.சி. மின்சாரத்தால் ஓடுவது, மின்சாரம் என்பது நெருப்பு, ஆகவே அது அக்கினி மூலையாகிய தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், அது காற்றைக் கொடுப்பது, ஆகவே வாயு மூலையாகிய வடமேற்கே அதற்கு உரிய இடம் என்கிறார். மற்றொருவர், அது குளிர்ச்சி தருவது, தண்ணீரும் சொட்டுகிறது, ஆகவே வருணனுடைய மேற்கில் வையுங்கள் என்கிறார். ஈசானிய மூலையாகிய வடகிழக்கில் மட்டும் வைக்கக் கூடாது என்பதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஏனென்றால் அது சாமி மூலையாம்! ஒரு பாலம் கட்ட மூன்று இஞ்சினீயர்களை அழைத்து, மூவரும் மூன்று வெவ்வேறு ஆற்றைக் காட்டினால் நாம் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்போமா? இங்கே மாத்திரம் வெற்றிலை பாக்கு, தட்சணையுடன் வழியனுப்பி வைக்கிறோம்.

இவர்களுக்குள் ஒற்றுமை வராததற்குக் காரணம் மிகவும் சுலபமானது. ஏ.சி. என்பது ஒரே சமயத்தில் மின்சாரத்தையும், காற்றையும், தண்ணீரையும் சம்பந்தப்படுத்துகிற ஒரு சாதனம். ஆகையால் அக்கினி, வாயு, வருணன் ஆகிய மூவரும் அதற்குப் பாத்தியதை கொண்டாட இடமிருக்கிறது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் வடக்கே இருக்கிற குபேரனும் வந்து சேரலாம். தெற்கே இருக்கிற எமனை மட்டும் யாரும் இதில் கூப்பிடுவதில்லை. ஆனால் அவனும் இதற்குள் எப்படி எட்டிப் பார்க்கிறான் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் இந்த வாஸ்துவுக்குத் தலைவராகிய வாஸ்து புருஷன் என்பவருடைய யோக்கியதையைக் கொஞ்சம் விசாரிப்போம். மச்ச புராணத்தின்படி, சிவன் அந்தகாசுரனோடு சண்டை போட்ட காலத்தில் சிவனுடைய வியர்வையிலிருந்து பிறந்த ஒரு பூதமாம் அது. அந்தப் பூதம் உலகத்தையே விழுங்கப் பார்க்க, தேவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைக் குப்புறத் தள்ளி, ஆளுக்கொரு பக்கமாய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்களாம். தலை வடகிழக்கில், கால் தென்மேற்கில். இதுதான் வாஸ்து மண்டலம் என்பதன் அஸ்திவாரம். வியர்வையிலே பிறந்த ஒருவர், வியர்வையை நிறுத்துவதற்காக மனிதன் கண்டுபிடித்த இயந்திரத்தின் மேல் அதிகாரம் செலுத்துவது பொருத்தந்தான் போலும்!

இன்னும் கேளுங்கள். நமது தமிழ்ப் பஞ்சாங்கங்களின்படி இந்தப் புருஷர் வருஷத்தில் எட்டே நாள்தான் கண் விழிக்கிறார். அந்த எட்டு நாளிலும் முழு நாளல்ல, நாளொன்றுக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம் மாத்திரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஐந்தாய்ப் பங்கிட்டு, பல் துலக்குகிறார், குளிக்கிறார், பூஜை செய்கிறார், சாப்பிடுகிறார், தாம்பூலம் போடுகிறார். பிறகு மறுபடியும் படுத்துக்கொள்ளுகிறார். ஆக, வருஷம் முழுவதிலும் அவர் விழித்திருப்பது 12 மணி நேரம். மீதியெல்லாம் தூக்கம். இப்படிப்பட்ட ஒருவர் நமது படுக்கை அறையில் ஏ.சி. எந்தச் சுவரில் இருக்கிறது என்று எந்த வேளையில் வந்து பார்த்து, எந்த வேளையில் கோபித்து, எந்த வேளையில் நமக்குக் கடனையும் வியாதியையும் ஏவுகிறார் என்று கேட்டால், இதற்கு ஒரு நிபுணரும் பதில் சொல்லுவதில்லை.

நிற்க. இந்த இயந்திரம் எப்படி வந்தது என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடா பகுதியில் ஜான் கோரி என்ற ஒரு டாக்டர் இருந்தார். காய்ச்சலில் வேகும் நோயாளிகளின் அறையைக் குளிரச் செய்ய வேண்டும் என்கிற கவலையில் ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, 1851ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதைக் கொண்டு அவர் பணக்காரர் ஆகவில்லை. கையிருப்பை இழந்து 1855இல் செத்துப் போனார். பிறகு 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இஞ்சினீயர், நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஒரு அச்சுக்கூடத்தில் ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாய் விழாமல் கெட்டுப்போவதைத் தடுக்க வேண்டி, காற்றிலுள்ள ஈரத்தை அடக்கும் ஏற்பாட்டை வகுத்தார். இன்றைய ஏ.சி.க்கு அதுவே வழிகாட்டி. இந்த இருவரில் ஒருவராவது ஈசானிய மூலையைப் பார்த்து வேலை செய்தவர் அல்லர். நோயாளியின் உடம்பையும், காகிதத்தின் ஈரத்தையும் பார்த்து வேலை செய்தவர்கள்.

ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வீட்டுக்குள் இருக்கிற உஷ்ணத்தை வாரி வெளியே கொட்டுகிற ஒரு வேலைக்காரன். உள்ளே சுவரில் இருக்கிற பெட்டிக்குள் ஒருவகை கேஸ் திரவமாய் வந்து ஆவியாகும்பொழுது அறையின் உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளுகிறது. வெளியே இருக்கிற பெட்டியில் கம்ப்ரஸர் அதை அழுத்த, உறிஞ்சிய உஷ்ணம் அங்கே வெளிக்காற்றில் போய் விழுகிறது. உள்ளே குளிர்ந்த காயில் மேல் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராய்ப் படிந்து குழாய் வழியே சொட்டுகிறது. காலித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளிப்புறம் முத்து முத்தாய் நீர் கோக்கிறதே, அதே சங்கதிதான். இதில் வருணனுக்கு யாதொரு வேலையும் இல்லை.

இந்த வேலைக்காரன் சுலபமாய் வேலை செய்ய வேண்டுமானால் அவன் உஷ்ணத்தைக் கொட்டுகிற இடம் கூடுமானவரை நிழலாயும், காற்றோட்டமாயும் இருக்க வேண்டும். ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கிற இடத்தில் கொட்டச் சொன்னால் அவன் அதிகப் பாடுபட வேண்டும். அந்த அதிகப் பாடு நமது மீட்டரில் ஏறும். ஆகவே ஏ.சி.க்குத் திசை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. திசை உண்டு, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது சூரியனும் காற்றுமேயன்றிச் சாஸ்திரமல்ல.

இப்போது நமது சென்னையையே எடுத்துக்கொள்ளுவோம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. ஆகையால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையில், அதாவது ஏ.சி. அதிகமாய் ஓடுகிற காலத்தில், நடுப்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அஸ்தமிப்பதும் நேர் மேற்கில் அல்ல. ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி அஸ்தமிக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? பிற்பகல் இரண்டு மணியிலிருந்து சாயங்காலம் வரையில் வெயில் கொளுத்துவது வடமேற்கு மூலையில் என்று அர்த்தம். மே, ஜூன் மாதங்களில் உள்நாட்டிலிருந்து அனல்காற்று வீசுவதும் மேற்கேயிருந்துதான். அந்தக் காற்று பலமாய் அடிக்கிற நாளில் கடற்காற்று ஊருக்குள் நுழைய வெகுநேரம் ஆகிறது, வெப்பமும் ஏறிவிடுகிறது. ஆக, சாஸ்திரம் “வாயு மூலை” என்று சொல்லி ஏ.சி.யின் வெளிப்பெட்டியை எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்லுகிறதோ, அது சென்னையின் கோடையில் அடுப்புக்கு அடுத்த இடம்! ஜனங்கள் பயப்படுகிற கிழக்கும், ஈசானியமுமோ பிற்பகலில் நிழலாய் இருப்பதுடன் கடற்காற்றும் படுகிற இடம்.

அதற்காகக் கிழக்கே எங்கும் நல்லது, மேற்கே எங்கும் கெட்டது என்று நாமும் ஒரு புது சாஸ்திரம் எழுதவில்லை. கோயமுத்தூருக்குப் போனால் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாய் மேற்கேயிருந்து வருவது குளிர்ந்த காற்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்குப் போனாலோ நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே. நம்மவர்கள் அங்கேயும் குடியேறி இருக்கிறார்கள், வாஸ்துவும் அவர்கள் பெட்டியோடு போயிருக்கிறது. உஷ்ணம் வருகிற திசை மாறிவிட்டதே, அக்கினியும் அங்கே இடம் மாற்றிக்கொண்டாரா என்று கேட்டால், நிபுணர்களுக்குள் அதற்கும் இரண்டு கட்சி.

இவையெல்லாம் வெறும் வாதம், இதனால் யாருக்கு என்ன கஷ்டம் வந்துவிட்டது என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக, நாம் நேரில் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம்.

சென்னையில் நமக்குத் தெரிந்த ஒரு தோழர், ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர், மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் குடியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கோடையில் அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டுகிறது என்பதற்காகக் கையிருப்பைச் செலவழித்து ஒரு ஏ.சி. வாங்கி மாட்டினார். வீடு கட்டினவர் கிழக்கே பால்கனியை ஒட்டி அதற்கென்றே துவாரமும் மேடையும் விட்டிருந்தார். மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனான். அம்மாள் ஒரு மாதம் நிம்மதியாய்த் தூங்கினார். அந்த மாதத்திற்குப் பிறகு தோழரின் சம்பந்தி வந்தார், பார்த்தார், “ஈசானியத்திலா?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாஸ்து நிபுணர் ஒருவர் கையில் செல்போனுடன் வந்து சேர்ந்தார்.

செல்போனிலே ஒரு திசைகாட்டி. அதை வைத்துக்கொண்டு அறை முழுவதும் சுற்றினார். இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வடக்கு ஒரு பக்கமும், ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வடக்கு வேறொரு பக்கமும் காட்டியது. காந்த ஊசி இரும்புக்குப் பக்கத்தில் அப்படித்தான் தடுமாறும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர், வீட்டில் சக்தி குழம்பிக் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். ஏ.சி.யை வாயு மூலைக்கு மாற்ற வேண்டும், அம்மாளின் தலை தெற்கே இருக்கும்படி கட்டிலைத் திருப்ப வேண்டும், ஈசானியத்தில் ஒரு செம்புத் தகடு புதைக்க வேண்டும் என்பவை அவருடைய மருந்துச் சீட்டு. தகடும் அவரிடத்திலேயே விலைக்குக் கிடைக்கும்.

மெக்கானிக்கை மறுபடியும் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயதுகூட இராத பையன். அவன் சுவரைப் பார்த்தான், ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கீழே பார்த்தான். “சார், அந்தப் பக்கம் பால்கனி கெடையாது. சன்ஷேடு மேலதான் நிக்கணும். வெயிலும் அங்கதான் சார் ஜாஸ்தி. இருந்த எடத்துலயே இருக்கட்டும்” என்றான். அந்த அறையில் இருந்தவர்களிலே விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன். அவன் பேச்சைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. அவன் எத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்கிறான் என்று கேட்க ஆளில்லை, நிபுணர் எத்தனை வீடு பார்த்திருக்கிறார் என்று மாத்திரம் பயபக்தியோடு விசாரித்தார்கள்.

பிறகு நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். ஒன்றரை அடி அகலமுள்ள சன்ஷேடின் மேல், மூன்றாவது மாடியில், இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் மறுநுனியை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, முப்பது கிலோவுக்குக் குறையாத ஒரு இரும்புப் பெட்டியை அந்தப் பையன் ஏந்தி நின்றான். ஜன்னல் கம்பி எந்தக் காலத்து ஸ்குரூவில் நிற்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளே மின்விசிறியின் கீழ் நிபுணர் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்த அம்மாள்தான், “தம்பி, பாத்துப்பா, பாத்து” என்று கத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கூலி யாருக்கு எவ்வளவு என்று கேட்டோம். நிபுணருக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்தப் பையனுக்கு இல்லை. எமன் எப்படி எட்டிப் பார்க்கிறான் என்று முன்னே சொன்னோமே, அது இதைத்தான். அந்தப் பையன் பத்திரமாய் இறங்கினான் என்பது வாஸ்து புருஷனுடைய கருணை அல்ல, அவனுடைய கால் பழக்கம்.

மாற்றி வைத்த பிறகு என்ன ஆயிற்று? காப்பர் பைப் மூன்று மடங்கு நீளமாயிற்று. தண்ணீர்க் குழாய்க்குப் போதுமான சரிவு கிடைக்காமல் தண்ணீர் பின்னுக்கு வந்து சுவரில் கசிந்தது. கட்டிலைத் திருப்பினதால் குளிர்காற்று நேரே அம்மாளின் முகத்திலும் கழுத்திலும் விழ ஆரம்பித்தது. நான்கு நாளில் கழுத்துப் பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது. சாயங்கால வெயிலில் வெளிப்பெட்டி திணறியதால் இ.பி. பில் ஏறியது. யூனிட் ஏறஏற விகிதமும் ஏறுகிற ஏற்பாடு நமது நாட்டில் இருப்பது யாவருக்கும் தெரியும். கடைசியில் அம்மாள், “அதை நிறுத்திடுப்பா, எனக்கு ஃபேனே போதும்” என்று சொல்லிவிட்டார். நிபுணரிடம் போய்ச் சொன்னதற்கு, தகட்டைச் சரியான வேளையில் புதைக்கவில்லை என்றாராம்.

இனி, இந்த விஷயத்தில் நமக்கு உண்மையாகவே ஆத்திரமூட்டுகிற சங்கதிக்கு வருவோம். வாஸ்து என்பது அக்காலத்து விஞ்ஞானம், காற்றும் வெளிச்சமும் வருவதற்காகப் பெரியோர்கள் எழுதி வைத்தது என்று படித்தவர்களே வக்காலத்து வாங்குகிறார்கள். இவர்களில் எத்தனை பேர் அந்தப் புஸ்தகங்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? ஆறாம் நூற்றாண்டில் இருந்த வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையை வாஸ்துக்காரர்கள் தங்களுக்குப் பிரமாணமாய்க் காட்டுகிறார்கள். அதில் வீடு கட்டுகிற அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? பிராமணன் வீட்டின் அகலம் அதிகபட்சம் 32 முழம். க்ஷத்திரியனுக்கு 28. வைசியனுக்கு 24. சூத்திரனுக்கு 20. அவர்களுக்கும் கீழே என்று தள்ளப்பட்டவர்களுக்கு 16 முழத்துக்கும் குறைவு. மண்ணிலே வெள்ளை மண் பிராமணனுக்கு, சிவப்பு க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் வைசியனுக்கு, கறுப்பு சூத்திரனுக்கு. நிலத்தின் சரிவும் அப்படியே வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு ஜாதிக்கு நான்கு. ஆனால் பிராமணன் மட்டும் எந்தச் சரிவிலும் குடியிருக்கலாம் என்று விதிவிலக்கு!

இதற்கும் காற்று வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கிறோம். சூத்திரனுடைய மூக்குக்கு 20 முழ வீட்டின் காற்றே போதும் என்று எந்த விஞ்ஞானம் அளந்து பார்த்தது? ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒரு சரிவு வேண்டும். அந்தச் சரிவு வீட்டுக்காரனுடைய ஜாதியைக் கேட்பதில்லை, எல்லா வீட்டிலும் தண்ணீர் கீழ்நோக்கியே ஓடுகிறது. ஒரு உயிரில்லாத பிளாஸ்டிக் குழாய்க்கு இருக்கிற நேர்மை அந்தச் சாஸ்திரத்துக்கு இல்லை.

நிபுணர்கள் இந்தப் பகுதியை நம்மிடம் சொல்லுவதில்லை. ஏன் சொல்லுவார்கள்? இன்று பணம் கொடுத்து வாஸ்து பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சாஸ்திரம் சூத்திரன் என்றும், அதற்குக் கீழ் என்றும் ஒதுக்கி வைத்த மக்களுடைய வீடுகள். வாஸ்து பார்த்துச் சொல்லுகிற பலரும் அதே மக்களில் பிறந்தவர்கள்தான். ஆகையால் முழத்தையும், மண்ணின் வர்ணத்தையும் மறைத்துவிட்டு மூலையை மாத்திரம் விற்கிறார்கள். ஒரே அத்தியாயத்தில் ஒரு சுலோகம் ஜாதித் திமிர் என்று தள்ளத்தக்கதாம், அடுத்த சுலோகம் மட்டும் விஞ்ஞானமாம்! தன்னை இழிவுபடுத்துகிற புஸ்தகத்தைக் காசு கொடுத்து வரவழைத்து, அது காட்டுகிற மூலையில் தன் சம்பாத்தியத்தை மாட்டி வைக்கிற மனிதனைப் பார்த்து நாம் கோபிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை.

“நம்பினால் மனதுக்கு ஒரு திருப்தி, அதனால் நஷ்டமென்ன?” என்கிற சமாதானமும் ஒன்று உண்டு. நஷ்டம் இன்னதென்று மேலே கணக்குக் காட்டிவிட்டோம். திருப்தி என்பதும் பொய். வாஸ்து பார்க்காதவன் ஏ.சி.யை மாட்டிவிட்டுத் தூங்குகிறான். வாஸ்து பார்த்தவனோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மூலையைச் சந்தேகிக்கிறான், வியாபாரம் படுத்தால் மூலையைச் சந்தேகிக்கிறான். இது திருப்தியா, புதிதாய் வாங்கிய பயமா?

சாதாரண ஜனங்களைச் சொல்லி என்ன, நாட்டை ஆளுகிறவர்களே இதற்கு வழிகாட்டுகிறார்கள். ஹைதராபாத்தில் நன்றாய் இருந்த தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு வாஸ்து தோஷம் என்று 2015இல் தெலங்கானா முதல் மந்திரியாய் இருந்தவரே வெளிப்படையாய்ச் சொன்னார். 2020இல் அது இடிக்கப்பட்டது. ஜனங்களுடைய வரிப்பணத்தில் புதிய கட்டடம் எழும்பி, 2023 ஏப்ரலில் திறப்புவிழாவும் நடந்தது. அதே வருஷம் டிசம்பரில் தேர்தலில் தோற்று அவர் பதவியை விட்டு இறங்கினார். இதற்கு நாம் வாஸ்துவைக் காரணமாய்ச் சொல்லவில்லை, ஓட்டுப் போட்டவர்களே காரணம். ஆனால் ஜெயித்திருந்தால் நிபுணர்கள் எதைக் காரணமாய்ச் சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

சரி, வாஸ்து வேண்டாம் என்கிறீர்களே, எங்கேதான் மாட்டுவது என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. குளிர்ந்த காற்று கனமானது, தானே கீழே இறங்கும். ஆகையால் உள்பெட்டி தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், மேலே காற்றை இழுத்துக்கொள்ளக் கூரைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் அளவாவது இடம் விட்டு இருக்கட்டும். காற்று அறையின் நீளவாட்டத்தில் ஓட வேண்டுமே தவிர, படுத்திருப்பவர் முகத்தில் நேரே விழக் கூடாது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பீரோவும் திரையும் காற்றை மறிக்கக் கூடாது. சமையல் புகை போகிற இடத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு காயிலில் அடையும். அதே வாஸ்து அக்கினி மூலையிலே சமையல்கட்டையும் வைக்கச் சொல்லுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிப்பெட்டி நிழலில், கொட்டிய உஷ்ணக்காற்று திரும்பத் தன்னிடமே வராதபடி திறந்த வெளியைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வீஸ் செய்கிற ஆள் உயிரைக் கையில் பிடிக்காமல் நின்று வேலை செய்யக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவே பைப் கூடுமானவரை குட்டையாய் இருப்பது நல்லது.

வைத்த பிறகு 18 டிகிரியில் ஓடவிட்டு மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொள்ளுவதும் ஒருவகை மூடத்தனந்தான். இந்திய சர்க்காரின் உத்தரவுப்படி 2020 ஜனவரி முதல் விற்கப்படுகிற வீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியில் தானாகவே ஆரம்பிக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்கள் சொல்லுகிற கணக்கு. கூடவே மின்விசிறியையும் சுழலவிட்டால் அந்த 24, 26 டிகிரியே தாராளமாய்ப் போதும். ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவினால், நூறு செம்புத் தகடு புதைத்தாலும் கிடைக்காத பலன் கிடைக்கும்.

இன்னொரு திசையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அது பக்கத்து வீட்டுத் திசை. 2019இல் சர்க்கார் வெளியிட்ட குளிரூட்டல் திட்ட அறிக்கையின்படி நாட்டில் நூற்றுக்கு சுமார் 8 வீடுகளில்தான் அப்போது ஏ.சி. இருந்தது. இப்போது கூடியிருக்கும். எவ்வளவு கூடினாலும், இல்லாதவர்களே ஏராளம். நாம் நமது அறையிலிருந்து வாரிக் கொட்டுகிற அனல், தகரக் கூரையின் கீழ் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிற ஒரு குடும்பத்தின் முகத்தில் போய் விழுமானால், அந்த இடம் எந்தத் தேவதையின் மூலையாய் இருந்தாலும் அது தப்பான இடம். எட்டுத் திசைக்கும் காவல் தெய்வம் நியமித்த சாஸ்திரம் இந்தப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

முடிவாக, வாஸ்து நிபுணர்களுக்கு நாம் ஒரு ஏற்பாட்டைத் தெரிவித்துக்கொள்ளுகிறோம். சென்னையில் அவர்களுக்கு இஷ்டமான ஒரு வீட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மே மாதத்தில் பதினைந்து நாள் அவர்கள் சொல்லுகிற வாயு மூலையில் வெளிப்பெட்டி இருக்கட்டும். அடுத்த பதினைந்து நாள் நாம் காட்டுகிற நிழலில் இருக்கட்டும். அறையும், ஏ.சி.யும், 24 டிகிரியும், ஓடுகிற நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். மீட்டரை இரு தரப்பாரும் சேர்ந்து குறித்துக்கொள்ளலாம். அவர்கள் பக்கம் யூனிட் குறைவாய் வந்தால் அந்த மாதக் கட்டணம் முழுவதையும் நாமே கட்டிவிட்டு, அதை இதே பத்திரிகையில் முதல் பக்கத்தில் போடுகிறோம். ஒரே ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு. வாயு மூலையில் பால்கனி இல்லாவிட்டால், சன்ஷேடு மேல் ஏறிப் பெட்டியைத் தாங்கி நிற்க வேண்டியவர் மெக்கானிக் பையன் அல்ல, நிபுணர்தான். கயிறு நாம் கொடுக்கிறோம்.